'எடுக்கப்பட்டது'ன்னு எழுதினா ஆள் எங்க?

கர்நாடகாவுல கோலார் தங்கவயல், மாரிகுப்பம் ஸ்டேஷன்ல இருந்து கொஞ்சம் நடந்தா வர்ற ஒரு லைன் வீட்டுத் திண்ணையில, அதாவது சுரங்கத் தொழிலாளிங்களுக்குன்னு வரிசையா கட்டின வீடுங்கள்ல ஒண்ணுல, உக்காந்து, ஒரு பெரியவருக்கு நான் எழுதின ஒரு வரியை வாசிச்சுக் காட்டிட்டிருந்தேன். அந்தச் சுரங்கத்தைப் பத்தி வெக்கப்போற கண்காட்சியோட முதல் போர்டுல வரவேண்டிய வரி. "1880 முதல் 2001 வரை கோலார் தங்கவயலில் 800 டன்னுக்கும் அதிகமான தங்கம் வெட்டி எடுக்கப்பட்டது." அவர் முப்பது வருஷத்துக்கு மேல அண்டர்கிரவுண்ட்ல வேலை பார்த்தவர், காது கொஞ்சம் மந்தம், அதனால ரெண்டு தடவை சத்தமா வாசிக்க வேண்டியதாப் போச்சு. முடிச்சதும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டார், "யாரும்மா எடுத்தா?"

நான் புரியாம பார்த்தேன். "எடுக்கப்பட்டதுன்னா இன்னா? தானா மேல வந்துச்சா?"

அந்த வரியை எழுதுறதுக்கு எனக்கு ஒரு நாள் ஆச்சு, நம்பர் சரியான்னு பார்த்தேன், வருஷம் சரியான்னு பார்த்தேன், ஆனா அந்த வரிக்குள்ள ஒரு ஆள் கூட இல்லைங்கிறது எனக்குத் தெரியல. தமிழ்ல 'படு'ன்னு முடியுற வாக்கியத்துக்கு இப்படி ஒரு வசதி இருக்கு, செஞ்சவங்களை கீழயே விட்டுட்டு தங்கத்தை மட்டும் மேல கொண்டுவந்துடலாம்.

நான் பண்ற வேலைக்கு தமிழ்ல இன்னும் சரியா ஒரு பேர் அமையல. பொது வரலாற்று ஆலோசகர்னு கார்டுல போட்டிருக்கேன், அதைப் படிச்சவங்க "அப்படின்னா?"ன்னு தான் கேக்குறாங்க. காலேஜ்ல சொல்லித்தர்ற வரலாறு ஒண்ணு இருக்கு, ஜனங்க நடந்துபோற இடத்துல, மியூசியத்துல, தெருவோரத்துல இருக்கிற கல்வெட்டுல, ஹெரிடேஜ் வாக்ல, ஸ்கூல் பசங்க டூர்ல காதுல விழுற வரலாறு வேற ஒண்ணு இருக்கு, அந்த ரெண்டாவது தான் நம்ம வேலை. யாராவது ஒரு கண்காட்சி வைக்கணும், பழைய கட்டிடத்தை திறந்துவிடணும், ஒரு ஊரைச் சுத்திக்காட்டணும்னு நினைப்பாங்க, அவங்களுக்காக ஆவணம் தேடுறது, பெரியவங்களை உக்கார வெச்சு பேச வெச்சு ரெக்கார்டு பண்றது, போர்டுல என்ன எழுதணும்னு எழுதிக் குடுக்குறது, எந்த போட்டோ போடலாம் போடக்கூடாதுன்னு சொல்றது. காசு குடுக்குறவங்க ஒருத்தர், கதை குடுக்குறவங்க வேற ஒருத்தர். இந்த வேலையில இருக்கிற எல்லா சிக்கலும் அங்க தான் ஆரம்பிக்குது.

தங்கவயலுக்கு என்னைக் கூப்பிட்டவங்க பேரைச் சொல்ல வேண்டாம், நல்ல எண்ணத்தோட தான் கூப்பிட்டாங்க. பெங்களூர்ல இருந்து ஒரு நாள்ல வந்துட்டு போற மாதிரி ஒரு நடை, கூடவே ஒரு சின்ன கண்காட்சி. அவங்க குடுத்த நாலு பக்க குறிப்புல 'மினி இங்கிலாந்து'ங்கிற வார்த்தை ஆறு தடவை இருந்துச்சு. மலைமேல பங்களா, கிளப்பு, கோல்ஃப் மைதானம், சர்ச்சு, கிறிஸ்துமஸ் நடனம், அப்புறம் 1902-ல காவிரியில சிவனசமுத்திரத்துல மின்சாரம் தயாரிச்சு கிட்டத்தட்ட 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்க கொண்டுவந்தது, அது பெங்களூருக்கே கரண்ட் வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாடிங்கிறது. எல்லாமே உண்மை தான். அந்தக் கம்பி வந்த கதை உண்மையிலேயே பெரிய கதை, எனக்கும் அது ரொம்பப் பிடிக்கும். ஆனா அந்த நாலு பக்கத்துல கீழ இறங்கினவங்க ஒரே ஒரு இடத்துல தான் வந்தாங்க, "மலிவான உள்ளூர் கூலிகளின் உதவியுடன்"னு.

உள்ளூர்ங்கிறதே தப்பு. முதல்ல வந்தவங்கள்ல இத்தாலிக்காரங்க உண்டு, இங்கிலாந்துல கார்ன்வால்ல இருந்து வந்த சுரங்கக்காரங்க உண்டு, மலபார் பக்கத்து மாப்பிளைமார் உண்டு, காவலுக்கு பஞ்சாபிங்க உண்டு. ஆனா பாறையைக் குடைஞ்சு வெளிய கொண்டுவந்த கூட்டத்துல பெரும்பகுதி வட ஆற்காடு, சித்தூர், சேலம், தர்மபுரி பக்கத்துல இருந்து நடந்தும் வண்டியிலயும் பின்னால ரயில்லயும் வந்த தமிழ் பேசுற ஆதிதிராவிடர்ங்க. ஊர்ல பண்ணையார் நிலத்துல கட்டுப்பட்டுக் கிடந்தவங்களுக்கு மாசாமாசம் கையில காசா கூலி கிடைக்கிற இடம் இது. பாதாளத்துல சாவு இருக்குன்னு தெரிஞ்சே வந்தாங்க, ஏன்னா மேல இருந்த வாழ்க்கை அப்படி.

இங்க என் சொந்தக் கதையைச் சொல்லியாகணும். நான் குடியாத்தம் பக்கம் பொறந்து வளர்ந்தவ. தங்கவயல் எங்களுக்கு ரொம்ப தூரமே இல்ல. இந்த வேலைக்கு ஒத்துக்கிட்ட உடனே எங்க பாட்டிக்கு போன் போட்டு, நம்ம ஊர்ல இருந்து யாராவது தங்கச் சுரங்கத்துக்கு போனாங்களான்னு கேட்டேன். "நம்ம ஊர்ல இருந்து யாரும் போகல கண்ணு"ன்னாங்க. நானும் அப்படியே நோட்டுல எழுதிக்கிட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு தங்கவயல்ல சாம்பியன் ரீஃப்ங்கிற பகுதியில ஒரு வீட்டுல உக்காந்திருக்கேன், அந்த வீட்டு அம்மா அவங்க தாத்தாவோட ஊர் பேரைச் சொல்றாங்க, எங்க ஊர் பேரு. எந்தப் பக்கம்னு கேட்டேன். ஏரிக்கு அந்தப் பக்கம்னாங்க.

பாட்டி பொய் சொல்லல. அவங்க 'ஊர்'ன்னு சொன்னா அதுல சேரி கிடையாது. அவங்க காலத்துல ஊர்ங்கிற சொல்லுக்கு அது தான் அர்த்தம், ஊர் வேற சேரி வேற, நானும் அந்த சொல்லுக்குள்ளயே வளர்ந்ததால எனக்கும் உறைக்கல. அரை நூற்றாண்டா அந்தத் தெருவுல இருந்து குடும்பம் குடும்பமா கிளம்பிப் போயிருக்காங்க, தீபாவளிக்கு புதுத்துணியோட திரும்பி வந்திருக்காங்க, பொண்ணு எடுத்து குடுத்திருக்காங்க, இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கு அது எதுவும் ஊர்ச் செய்தி இல்ல. இவ்வளவு படிச்சுட்டு, எல்லாரையும் உள்ளடக்கின பாரம்பரியம்னு மேடையில பேசிட்டு, நான் கேட்ட கேள்வியில இருந்த 'நம்ம ஊர்'ங்கிற ரெண்டு சொல்லை நான் யோசிக்கவே இல்ல.

முதல் டிராஃப்ட்டை மாத்தி எழுதினேன். எனக்கு ரொம்ப பெருமையா இருந்துச்சு. மொத்தம் பதினாறு போர்டு, அதுல கடைசி ரெண்டு போர்டு முழுக்க தொழிலாளர் வாழ்க்கைக்குன்னு ஒதுக்கினேன். மூங்கில் தட்டியால கட்டின தட்டி வீடு, லைன் வீடு, ஷிஃப்ட் சங்கு, 1930-ல கம்பெனி எல்லாரோட கைரேகையையும் பதிவு பண்ணணும்னு சொன்னப்போ நடந்த வேலைநிறுத்தம், 1946 நவம்பர் 4-ம் தேதி போலீஸ் சுட்டதுல ஆறு பேர் செத்தது, எல்லாம் வந்துச்சு. காசு குடுத்தவங்களும் சரின்னுட்டாங்க. ஆண்டர்சன்பேட்டையில ஒரு ஹால்ல பேப்பர்ல பிரிண்ட் எடுத்து வரிசையா சுவத்துல ஒட்டி, லைன்ல இருந்து ஒரு இருபது பேரை வரச்சொல்லி காட்டினோம்.

ஒரு அக்கா, அவங்க அப்பாவும் தாத்தாவும் நந்திதுர்க் மைன்ல வேலை பார்த்தவங்க, ஒண்ணுல இருந்து பதினாறு வரைக்கும் நிதானமா நடந்து பார்த்துட்டு வந்து என்கிட்ட சொன்னாங்க, "நல்லா தான் எழுதிக்கீற. ஆனா எங்களை இங்கயும் கடைசியில தனியா வெச்சுக்கீறியே."

அவ்வளவு தான் சொன்னாங்க, கோவமா கூட சொல்லல. நான் அந்த சுவத்தைத் திரும்பிப் பார்த்தேன். பதினாலு போர்டு ஊர், கடைசி ரெண்டு போர்டு சேரி. அப்படியே கட்டி வெச்சிருக்கேன்.

என் வேலையில நான் கத்துக்கிட்டதுலயே பெரிய பாடம் அன்னிக்கு தான். சேர்த்துக்கிறோம்னு சொல்லி கடைசியில ஒரு மூலையில இடம் விடுறது நம்ம நாட்டு மியூசியங்கள்ல, நடைகள்ல, புக்லெட்டுகள்ல எங்க பார்த்தாலும் இருக்கு. "பெண்களின் பங்களிப்பு"ன்னு ஒரு போர்டு. "பழங்குடியினர்"னு ஒரு ரூம். மீதி எல்லாம் முன்ன எப்படி இருந்துச்சோ அப்படியே. அந்த அக்கா சொன்னதுக்கு அப்புறம் பதினாறு போர்டையும் கலைச்சேன். மின்சாரம் வந்த போர்டுலயே அந்த மின்சாரத்துல ஓடின வைண்டிங் இன்ஜின் எவ்வளவு ஆழத்துக்கு யாரை இறக்குச்சுன்னு வரணும். பங்களா போர்டுலயே அங்க சமைச்சவங்க, தோட்டம் பார்த்தவங்க வரணும். ஷாஃப்ட், அதாவது ஆளுங்க கீழ இறங்குற செங்குத்தான குழிங்க, எல்லாம் துரைங்க பேர்ல இருக்கு, கிஃபோர்ட் ஷாஃப்ட், ஹென்றி ஷாஃப்ட், எட்கர் ஷாஃப்ட்னு, அந்தப் பேருங்களை எடுக்க வேண்டாம், ஜனங்களே அப்படித்தான் சொல்றாங்க, ஆனா அந்த ஷாஃப்ட்ல யார் குடும்பம் எத்தனை தலைமுறை இறங்குச்சுன்னு அதே போர்டுல வரணும்.

முதல் போர்டுலயும் அதே பிரச்சனை இருந்துச்சு. தங்கத்தை 'கண்டுபிடிச்ச' கதை. 1802-ல மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன்னு ஒரு லெஃப்டினன்ட், இந்தப் பக்கம் மண்ணுல தங்கம் இருக்குன்னு கேள்விப்பட்டு, காட்டுறவங்களுக்கு பரிசு தர்றேன்னு அறிவிச்சார். கிராமத்துக்காரங்க மாட்டு வண்டியில மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணு முன்னாடியே அலசி தங்கப்பொடியைக் காட்டினாங்க. அவர் அதை எழுதி வெச்சார். அதை 1871-ல மைக்கேல் லாவெல்ங்கிற அயர்லாந்துக்காரர் படிச்சுட்டு வந்தார், உரிமம் வாங்கினார், 1880-ல ஜான் டெய்லர் கம்பெனி வந்துச்சு. லாவெல் பேர்ல பெங்களூர்ல ஒரு ரோடே இருக்கு. மண்ணை அலசிக் காட்டினவங்க பேர் நான் தேடின எந்தக் கதையிலயும் இல்ல. பேர் கிடைக்கலன்னாலும் அவங்க செஞ்ச காரியத்தை முன்னால வைக்கலாம் இல்லையா? "வாரன் கண்டறிந்தார்"ங்கிறதை எடுத்துட்டு "ஊர்காம், மாரிகுப்பம் கிராமத்துக்காரங்க வாரனுக்குக் காட்டினாங்க"ன்னு போட்டேன். ஒரு சொல் மாறினதும் ஆளுங்க உள்ள வந்துட்டாங்க.

இன்னொரு இடத்துல நான் நினைச்சதுக்கு நேர் எதிரா நடந்துச்சு. ரெக்கார்டரை வெச்சுக்கிட்டு நான் போனது துன்பக் கதை கேக்க. மூணு கிலோமீட்டருக்கும் மேல ஆழம், ஒரு காலத்துல உலகத்துலயே ரொம்ப ஆழமான சுரங்கங்கள்ல ஒண்ணு, அடியில பாறையோட சூடு அறுபது டிகிரிக்கு மேல. கல்லுத்தூசு நெஞ்சுல படிஞ்சு வர்ற சிலிகோசிஸ் நோய் இந்தியாவுலயே முதல் முதல்ல பதிவானது இங்க தான், 1934-ல, அதுக்கு நஷ்டஈடு குடுக்கணும்னு மைசூர் அரசாங்கம் விதி போட்டது 1940-ல. இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு போனதால என் கேள்வி எல்லாமே "கஷ்டமா இருந்துச்சா?"ங்கிற மாதிரியே இருந்துச்சு. பெரியவங்க மரியாதைக்கு ஆமாம்மா கஷ்டம் தான்னு சொல்லிட்டு, அடுத்த நிமிஷமே வேலையைப் பத்தி பேச ஆரம்பிச்சிடுவாங்க. பாறையைத் தட்டினா வர்ற சத்தத்தை வெச்சு அது நிக்குமா விழுமான்னு சொல்றது. மரத்துல முட்டு குடுத்திருக்கிற இடத்துல மரம் முனகுற சத்தம் கேட்டா எவ்வளவு நேரத்துல வெளிய வரணும்னு தெரியுறது. ஏர் பிளாஸ்ட்னு அவங்க சொல்ற பாறை வெடிப்பு, மேல இருக்கிற மொத்த மலையோட கனமும் அழுத்தி பாறை தானா வெடிச்சு சிதறுறது, அது வர்றதுக்கு முன்னாடி உள்ள ஒரு மாதிரி அமைதி இருக்கும்னு ஒருத்தர் சொன்னார், அதை அவர் கையால காத்துல காட்டினார், ரெக்கார்டர்ல கை பதிவாகாதேன்னு எனக்கு அழுகையா வந்துச்சு.

அவர் தான் கடைசியில கேட்டார், "எல்லாம் எங்க நெஞ்சு வலியையே கேக்குறீங்க, எங்க கைத்தொழிலை யாரும் கேக்க மாட்டேங்குறீங்க."

இன்ஜினியருக்கு திறமை, தொழிலாளிக்கு துயரம்னு பங்கு பிரிச்சு எழுதுறதும் ஒரு வகையில அவங்களைக் கீழ தள்ளுறது தான். 1965-ல இதே சுரங்கத்துல 2.3 கிலோமீட்டர் ஆழத்துல டாடா ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிங்க, ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிங்களோட சேர்ந்து, காஸ்மிக் கதிர்ல இருந்து வர்ற நியூட்ரினோங்கிற நுண்துகளைப் பதிவு பண்ணினாங்க, உலகத்துலயே முதல் தடவை அப்படிப் பார்த்த இடங்கள்ல இதுவும் ஒண்ணு. அவ்வளவு ஆழத்துல ஒரு ஆராய்ச்சிக்கூடம் இருக்க முடிஞ்சதுன்னா அந்தக் குகையை வெட்டி, முட்டு குடுத்து, காத்து வரவெச்சு, கருவிகளை கேஜ்ங்கிற சுரங்க லிஃப்ட்ல இறக்கின கைங்க இல்லாம முடியாது. அந்த போர்டுல இப்போ பாறை சத்தம் கேட்டுச் சொல்றவங்களோட அறிவும் விஞ்ஞானிங்களோட அறிவும் பக்கத்து பக்கத்துல இருக்கு, எனக்கு அந்த போர்டு ரொம்பப் பிடிக்கும்.

அறிவுன்னு சொன்னதும் ஒண்ணு சொல்லணும், இது இல்லாம தங்கவயல் கதையே இல்ல. சாதிக்கு எதிரா எழுதின தமிழ் அறிஞர் அயோத்திதாசப் பண்டிதரோட பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்துல கிளை இருந்துச்சு. அவர் 1907-ல சென்னையில ஆரம்பிச்ச ஒரு பைசாத் தமிழன் பத்திரிகை, அப்புறம் தமிழன்னு ஆனது, அதை வாங்கிப் படிச்சவங்க, அதுக்குக் காசு அனுப்பினவங்க, கேள்வி எழுதிப் போட்டவங்கள்ல தங்கவயல்காரங்க நிறைய. 1914-ல அவர் காலமானதுக்கு அப்புறம் பத்திரிகை நின்னு, 1926-ல தங்கவயல்ல இருந்தே அப்பாதுரையார் அதைத் திரும்ப நடத்தினார். சித்தார்த்தா புத்தகசாலைன்னு ஒரு பதிப்பகம் இங்க இருந்து அயோத்திதாசர் எழுத்துக்களை அச்சுல கொண்டுவந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, எட்டு மணி நேரம் பாதாளத்துல பாறை குடைஞ்சுட்டு மேல வந்து குளிச்சுட்டு, லாந்தர் வெளிச்சத்துல புத்தரைப் பத்தியும் சாதி எங்கிருந்து வந்துச்சுன்னும் வாசிச்சு விவாதம் பண்ணின ஜனங்க. மினி இங்கிலாந்துன்னு சொல்ற ஒருத்தரும் இதைச் சொல்றதில்ல. நம்ம தமிழ்நாட்டுல கூட தொண்ணூறுகளுக்கு அப்புறம் அயோத்திதாசரைப் பத்தி பெருசா பேச ஆரம்பிச்சப்போ தான் பல பேருக்கு இது தெரிய வந்துச்சு. தங்கவயல் வீடுங்கள்ல அதுவரைக்கும் அந்தப் பழைய தாளுங்களை டிரங்குப் பெட்டியில வெச்சுக் காப்பாத்தினவங்க இருக்காங்க. ஆவணக் காப்பகம்னா ஏசி ரூம்னு நினைக்கிறோம். இங்க கட்டிலுக்கு அடியில இருந்துச்சு.

என்னால முடியாமப் போனதையும் சொல்றேன். லைன்ல கழிப்பறை பிரச்சனை இந்த ஊரோட ஆறாத புண். தண்ணி இல்லாத பொதுக் கழிப்பிடம், அதை மனுஷங்களே கையால அள்ள வேண்டிய கொடுமை, சுரங்கம் மூடினதுக்கு அப்புறமும் பல வருஷம் நடந்துச்சு, செய்தியா வந்துச்சு, உயிரும் போச்சு. நாட்டுக்கே தங்கம் குடுத்த ஊர்ல. இதை கண்டிப்பா ஒரு பெரிய போட்டோவோட போடணும்னு நான் பிடிவாதமா நின்னேன். காசு குடுத்தவங்க பார்க்க வர்றவங்க மனசு கஷ்டப்படும்னாங்க, அதை நான் ஏத்துக்கல, சண்டையே போட்டேன். ஆனா ஹால்ல கூடின ஜனங்களும் போட்டோ வேண்டாம்னாங்க. ஒரு பாட்டி சொன்னாங்க, "எங்க பேரப்பசங்க கிளாஸோட வந்து பார்ப்பாங்க, அந்த போட்டோவுல இருக்கிறது யார் வீட்டு ஆளுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்."

காசு குடுத்தவங்க சொன்ன வேண்டாமும் ஜனங்க சொன்ன வேண்டாமும் ஒரே வேண்டாம் இல்ல. முதல்ல எனக்கு அந்த வித்தியாசம் புரியாம, உண்மையை மறைக்கிறோமேன்னு ராத்திரி தூக்கம் வரல. உண்மையைச் சொல்றதுக்கு விலை யாரு குடுக்குறாங்கன்னு பார்க்கணும், அந்த சுவத்துல தொங்கப்போறது என் குடும்பம் இல்ல. கடைசியில போட்டோ இல்லாம எழுத்துல போட்டோம், அந்த எழுத்தையும் அவங்களே திருத்தினாங்க, நான் எழுதினதை விட நேரடியா இருந்துச்சு. கம்பெனிக்காரங்க பங்களாவுல தண்ணி ஊத்துற கழிப்பறை இருந்துச்சு, எங்க லைன்ல இல்லன்னு. 'அவலம்', 'இழிநிலை'ன்னு நான் போட்டிருந்த எல்லா சொல்லையும் அடிச்சிட்டாங்க.

வெளிநாட்டுல இதை எப்படி பண்றாங்கன்னு கேப்பீங்க. வேல்ஸ்ல பிளேனவோன்ல பிக் பிட்னு ஒரு நிலக்கரிச் சுரங்கம், 1980-ல மூடினாங்க, 1983-லயே மியூசியமா திறந்துட்டாங்க, அங்க வேலை பார்த்த சுரங்கத் தொழிலாளிங்களே தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு உங்களை தொண்ணூறு மீட்டர் ஆழத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க. வேலை போன ஆளுக்கே அந்த இடத்தைச் சொல்ற வேலை. தென்னாப்பிரிக்காவுல கேப் டவுன்ல டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்னு ஒரு பகுதியை 1966-ல வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு அறிவிச்சு அறுபதாயிரம் பேர் வரைக்கும் விரட்டினாங்க, 1994-ல அங்க ஒரு பழைய சர்ச்சுல திறந்த மியூசியத்துல தரை பூரா அந்த ஊரோட மேப், அதுல அங்க வாழ்ந்தவங்களே வந்து தங்களோட வீடு எங்க இருந்துச்சு, கடை எங்க இருந்துச்சுன்னு எழுதியிருக்காங்க. அதைப் பார்த்து தான் எங்க கண்காட்சியில நாங்களும் ஒரு பெரிய வெள்ளைத் துணியை விரிச்சு வெச்சோம், நாலு லைன் வரைஞ்சுட்டு மீதியை வர்றவங்க கிட்ட விட்டுட்டோம். பொம்பளைங்க தான் நிறைய எழுதினாங்க. தண்ணி குழாய் எங்க இருந்துச்சு, சங்கு ஊதாத நேரத்துல ஊதினா எந்த வழியா ஷாஃப்ட்டுக்கு ஓடுவாங்க, எந்த வேப்பமரத்தடியில நின்னு கேஜ் மேல வர்றதைப் பார்ப்பாங்கன்னு. எந்தக் கம்பெனி மேப்லயும் இல்லாத வழி அது.

இதுல எனக்கு மனசு கனக்குற விஷயம் ஒண்ணு இருக்கு. கார்ன்வால் சுரங்கப் பகுதியை 2006-ல யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னமா அறிவிச்சுது, அங்க இருந்து உலகம் பூரா போன சுரங்கக்காரங்களோட தொழில்நுட்பத்துக்கும் சேர்த்து தான் அந்த மரியாதை. அவங்க வந்த ஊர்கள்ல தங்கவயலும் ஒண்ணு. ஒரே கேஜ்ல இறங்கின ரெண்டு கூட்டம். ஒரு பக்கத்து இன்ஜின் வீட்டை புல் வெட்டி போர்டு வெச்சு பாதுகாக்குறாங்க, இன்னொரு பக்கத்து இரும்பு கோபுரம் துருப்பிடிச்சு நிக்குது. 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கம் மூடினதுல இருந்து ஊரே விடியக்காலை ரயில்ல பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டு ராத்திரி திரும்புது. அந்த ரயில்லயே தூங்குறவங்களுக்கு பாரம்பரியம்னு நான் போய் பேசுறப்போ, அதுல அவங்களுக்கு என்ன இருக்குன்னு கேக்க அவங்களுக்கு முழு உரிமை இருக்கு. அதனால நடைக்கு வழிகாட்டியா அங்கயே பொறந்தவங்களைத் தான் வெக்கணும், எனக்கு ஒரு நாளைக்கு குடுக்குறதுக்கு ஏத்த மாதிரி அவங்களுக்கும் குடுக்கணும், பேட்டி குடுத்தவங்களுக்கு டீ பிஸ்கட்டோட அனுப்பாம அவங்க நேரத்துக்கு காசு குடுக்கணும், ரெக்கார்டிங் காப்பி முதல்ல அவங்க வீட்டுக்குப் போகணும். இது நாலையும் ஒப்பந்தத்துலயே எழுதலன்னா இப்போல்லாம் நான் கையெழுத்துப் போடுறதில்ல. ரெண்டு வேலை இதனால கைவிட்டுப் போச்சு.

அவசரமும் இருக்கு. சுரங்கத்துல இருந்து வந்த கல்லை அரைச்சு, சயனைடு போட்டு தங்கத்தைப் பிரிச்சுட்டு கொட்டின மண்ணு மலை மலையா நிக்குது, பதிமூணு குவியல், மொத்தம் மூணு கோடி டன்னுக்கு மேல. காத்தடிச்சா அந்தப் பொடி வீடுங்களுக்குள்ள வரும். சயனைடு மலைன்னு தான் ஊர்ல சொல்வாங்க, பசங்க சறுக்கி விளையாடின மலை அது, காதலிச்சவங்க சாயங்காலம் ஏறி உக்காந்த மலை. அதுல மிச்சமிருக்கிற தங்கத்தை எடுக்க 2024-ல கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் குடுத்திருக்கு. மலை கரைஞ்சா மூச்சுக்கு நல்லது, கொஞ்சம் பேருக்கு வேலையும் கிடைச்சா ரொம்ப நல்லது. ஆனா இடம் மாறுறதுக்கு முன்னாடி அந்த இடத்தோட பேச்சைப் பதிவு பண்ணிடணும், அதைச் சொல்லக்கூடியவங்க எழுபது வயசைத் தாண்டிட்டாங்க.

மறுபடி அந்த முதல் வரிக்கு வர்றேன். பெரியவர் கேட்டதுக்கு அப்புறம் மாத்தினேன். "வட ஆற்காடு, சித்தூர், சேலம், தர்மபுரி பக்கத்திலிருந்து வந்தவங்க 800 டன்னுக்கும் மேல தங்கத்தை வெட்டி எடுத்தாங்க"ன்னு. எடுத்துட்டுப் போய் அதே திண்ணையில வாசிச்சேன். நல்லாருக்குன்னார். அப்புறம் யோசிச்சு, "எடுத்தாங்கன்னா யாரோ மாதிரி இருக்கு. எடுத்தோம்னு போடேன்"னார்.

கண்காட்சி வெக்கிறவங்க ஒத்துக்கல, போர்டுன்னா பொதுவா பேசணும், வேணும்னா "நமது தொழிலாளர்கள்", "நமது பாரம்பரியம்"னு போடலாம்னாங்க. நானும் முதல்ல அது நல்ல வழியாச்சேன்னு நினைச்சேன், எல்லாரையும் சேர்க்குற சொல் தானே 'நம்ம'ன்னு. பெரியவர் கிட்ட கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். "நாமன்னா நீயும் தானே வந்துடுற? நீ எங்கம்மா இறங்கின? நாங்க எடுத்தோம்."

நாமக்கும் நாங்களுக்கும் நடுவுல இருக்கிற அந்தக் கோடு தமிழ்ல இருக்கு, இங்கிலீஷ்ல கிடையாது, இப்போ பேசுற கன்னடத்துலயும் கிடையாது, அங்க நாவு ஒண்ணு தான். மூணு மொழியிலயும் போர்டு வரணும்னு, அதுல தமிழும் இருக்கணும்னு, பல மாசம் பேசித்தான் வாங்கியிருந்தோம், ஏன்னா ஊர்ல பாதிப்பேர் வீட்டுல தமிழ் தான் படிக்கிறாங்க, வாசிக்கத் தெரியாதவங்களுக்கு காதுல கேக்குற மாதிரி ஆடியோவும் வேணும்னு கேட்டிருந்தோம். கன்னடத்துல மொழிபெயர்க்க வந்த தம்பி, தங்கவயல்லயே பொறந்தவர், ரெண்டு நாள் யோசிச்சுட்டு, "நாவு"க்கு முன்னாடி "லைன்ல வாழ்ந்த"ன்னு சேர்த்துட்டார். இங்கிலீஷ்லயும் அதையே பண்ணினோம்.

தமிழ் போர்டுல வேற எதுவும் சேர்க்கல. "நாங்க எடுத்தோம்"னு இருக்கு, கீழ அந்த ஹால்ல உக்காந்து ஒத்துக்கிட்டவங்கள்ல பேர் போடச் சம்மதிச்சவங்களோட பேரும் அவங்க இறங்கின ஷாஃப்ட் பேரும் இருக்கு. அந்தத் திண்ணைப் பெரியவர் தன் பேரைப் போட வேண்டாம்னுட்டார். ஆடியோவுல அந்த வரியை வாசிக்கிற குரல் அவரோடது, ரெண்டாவது தடவை எடுத்தது, முதல் தடவை நடுவுல இருமல் வந்துடுச்சு.